சரிங்கண்ணனும் சொற்பிறப்பு ஆணையமும்

அந்தத் தெருவில் யாருக்காவது மனசு பொறுக்காமல் போனால் சலூனுக்குத்தான் போவார்கள். முடி வளர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டால் போதும், என்ன சொன்னாலும் சலூன்காரர் "சரிங்க" என்பார். மருமகள் மோசம் என்று ஒருவர் புலம்பினாலும் சரிங்க. கொஞ்ச நேரம் கழித்து அந்த மருமகளைப் பெற்றவரே வந்து, மாமியார்தான் மோசம் என்றாலும் சரிங்க. உலகம் தட்டை என்று ஒரு கிழவர் வாராவாரம் வந்து நிரூபிப்பார். அவருக்கும் காதோரம் கத்தரித்தபடியே சரிங்கதான். அந்தக் கடையில் இதுவரை ஒரு சண்டை நடந்ததில்லை. தெருவே அவரைச் சரிங்கண்ணன் என்று கூப்பிட்டது.

வீட்டில்தான் மதிப்பில்லை. "இவர் சொல்ற சரியை நம்பி அடுப்புல உலை வைக்க முடியாது" என்பாள் மனைவி. பால் வாங்கி வரச் சொன்னால் சரி என்று கிளம்புவார். வெறுங்கையோடு திரும்புவார். எங்கே பால் என்று கேட்டால் அதற்கும் சரி என்பார்.

அவருடைய ஒரே மகள் என்ஜின் வேலை படித்தவள். கடையில் முடி வெட்டும் மெஷின் இருமினால் அவள்தான் திருகைக் கழற்றி, எண்ணெய் விட்டு, நாலு தட்டு தட்டி ஓட வைப்பாள். ஒருநாள் மாலை சலூன்காரர் சவரக் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. என்ஜின் ரூம்ல. போனா எட்டு மாசம் கடல்லதான் இருக்கணும்."

"சரிம்மா."

அவள் தோல்பட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இந்தச் சரி வேண்டாம்ப்பா. இது கடையில சொல்ற சரி. நான் சொன்னதைக் கேட்டு, யோசிச்சு, மனசாரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும். நீங்க சொல்லாம நான் போக மாட்டேன்."

சலூன்காரர் வாயைத் திறந்தார். மூச்சுக்கு மூச்சு வந்துகொண்டிருந்த வார்த்தை அன்றைக்கு நாக்கு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவளைக் கடலுக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமில்லை. இஷ்டமில்லாததற்கெல்லாம் ஆயுசு பூரா சரி சொன்னவர்தான். ஆனால் அந்தச் சரி வேண்டாம் என்று இவள் சொல்லிவிட்டாளே, என்ன செய்வது?

இந்தச் சங்கடத்தில் அவர் இருந்தபோதுதான் சொற்பிறப்பு ஆணையர் முடி வெட்டிக்கொள்ள வந்தார்.

சொற்பிறப்பு ஆணையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, என்ன பொருள் என்று கண்டுபிடித்து, முன்கூடத்தில் கருங்கல்லில் செதுக்கி வைப்பது அவர்கள் வேலை. 'அவசரம்' என்ற சொல்லை முடிக்க அவர்களுக்கு எட்டு வருடம் ஆனது. 'சுருக்கம்' பற்றிய அறிக்கையை வைக்க இடமில்லாமல் பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். 'நாளை' இன்னும் தொடங்கப்படவில்லை. இந்த வருடம் முடியப் போகிறது, ஏதாவது ஒரு சொல்லைத் தொடங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, இரண்டே எழுத்துத்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று 'சரி'யை எடுத்தார்கள்.

நாற்காலியில் சாய்ந்த ஆணையர் தன் வழக்கப்படி அச்சடித்த மாதிரியே பேசினார். "தங்களைப் போல் இச்சொல்லை ஓயாமல் புழங்குபவர் எவருமில்லை. எனவே எமது ஆய்வுக்குத் தாங்களே மாதிரியாக வந்தமர வேண்டும்."

சலூன்காரர் இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றார்.

ஆணையர் புல்லரித்துப் போனார். மறுநாள் காலையில் ஜீப் வந்து கடைவாசலில் நின்றபோதுதான், தான் எதற்குச் சரி சொன்னோம் என்று சலூன்காரருக்குத் தெரிந்தது.

ஆணையத்தின் வாசலில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு காவலாளியிடம் மல்லுக்கு நின்றார்கள்.

"போர்டுல பிறப்புன்னுதானே போட்டிருக்கு?"

"எத்தனை தடவை சொல்றது? இங்க குழந்தைக்குப் பிறப்புச் சர்டிபிகேட் கிடையாது. வார்த்தைக்குத்தான். தினம் பத்துப் பேர் வந்துடுறாங்க" என்று காவலாளி அலுத்துக்கொண்டு, சலூன்காரரை உள்ளே விட்டார்.

உள்ளே போனவர் திகைத்து நின்றார். நடைபாதையில் எதிர்ப்பட்ட அத்தனை அதிகாரிகளும் கழுத்தில், எலும்பு முறிந்தவர்களைப் போல, வெள்ளைப் பட்டை மாட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு பச்சை அட்டை வேறு சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"பஸ் எதுவும் கவுந்துடுச்சா?" என்று காவலாளியின் காதில் கேட்டார்.

"ஆபீஸ் ரூலுங்க. ஆராய்ச்சியில இருக்கிற வார்த்தையை ஆபீசர்ங்க வாயால சொல்லக்கூடாது. சொன்னா வார்த்தை கெட்டுப்போயிடுமாம். வீட்டுலயும் கூடாது. தூக்கத்துல உளர்றவங்க டாக்டர் சர்டிபிகேட் தரணும். அதனால 'அது'க்குப் பதிலா பச்சை அட்டையைக் காட்டுறாங்க."

"கழுத்துப் பட்டை?"

"தலையாட்டுனாலும் அதே அர்த்தம்தானேன்னு நேத்து ராத்திரிதான் கண்டுபிடிச்சாங்க. பாவம், பொருள் அதிகாரியோட சம்சாரம் காய்கறி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. இவர் அட்டையைக் காட்டியிருக்கார். அந்தம்மா அட்டையை வாங்கி அடுப்புல போட்டுடுச்சு. இப்ப புது அட்டைக்கு விண்ணப்பிச்சிருக்கார். அதுக்கு மேலதிகாரி சம்மதிக்கணும். அவர் எப்படிச் சம்மதிப்பார்? அவர் அட்டையும் தொலைஞ்சுபோச்சு."

முதலில் சலூன்காரரைப் பிறப்பு அதிகாரி அம்மாளிடம் ஒப்படைத்தார்கள். சொல் பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அந்த அம்மாளின் துறை. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

"ஆதியில் மலைச்சரிவில் ஒரு மனிதன் நின்றான். கீழே இருந்தவன், இறங்கி வா என்றான். மேலே இருந்தவனுக்கு விருப்பமில்லை. ஆனால் கால் வழுக்கிவிட்டது. அப்போது அவன் வாயிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். மனித குலத்தின் முதல் சம்மதமே ஒரு வழுக்கல்தான். இந்த ஆணையத்தில் நான் பதவி உயர்வு பெற்ற வரலாறும் அதையே காட்டுகிறது" என்று கண்கள் மின்னச் சொன்னார்.

இதை நிரூபிக்க முற்றத்தில் பலகையால் ஒரு சரிவு கட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள்.

"மேலே ஏறி நிற்கிறீர்களா?"

"சரிங்க" என்றார் சலூன்காரர், பழக்க தோஷத்தில்.

"இது செல்லாது. கீழே இறங்கும்போது சொல்ல வேண்டும்."

அவர் ஏறி நின்றார். இரண்டு உதவியாளர்கள் கடமையுணர்ச்சியோடு பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளினார்கள். செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "ஐயோ!" என்று அலறியபடி வந்து அதிகாரி அம்மாளின் காலடியில் விழுந்தார்.

பிறப்பு அதிகாரி பரபரப்பாக எழுதினார். சொல்லின் ஆதி வடிவம் 'ஐயோ'. உறுதிசெய்துகொள்ள மறுபடி ஒருமுறை தள்ளச் சொன்னார். இந்தத் தடவை சலூன்காரர் "ஐயையோ!" என்றார்.

"பன்மை!" என்று அந்த அம்மாள் கைதட்டினார். ஆதிமனிதர்கள் கூட்டமாகச் சம்மதித்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. சலூன்காரருக்கு முழங்கையில் மருந்து போட்டார்கள்.

அடுத்து பொருள் அதிகாரி. அவருக்கும் பிறப்பு அதிகாரிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பிறந்த இடம் தெரியாமல் பொருள் சொல்ல முடியாது என்பது அந்த அம்மாள் கட்சி. பொருள் தெரியாதது பிறந்தென்ன, பிறக்காமலென்ன என்பது இவர் கட்சி. இவர் அறையில் சுவர் முழுக்க மரத்தாலான சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒரு வாரமாக ஓர் உதவியாளரைச் சலூனுக்கு அனுப்பி, சலூன்காரர் சொன்ன ஒவ்வொரு சரியையும் ரகசியமாகப் பதிவுசெய்து வகைபிரித்து வைத்திருந்தார். அதற்காகத் தினமும் முடி வெட்டிக்கொண்ட உதவியாளர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் வெட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை.

"இதோ, 'கேட்டேன்' என்ற பொருளில் தாங்கள் சொன்னவை" என்று பொருள் அதிகாரி ஓர் இழுப்பறையைத் திறந்தார். "'கேட்கவில்லை, ஆனாலும் நிறுத்தாதீர்கள்' என்ற பொருளில் சொன்னவை, இந்த வரிசை முழுவதும். 'அசையாதீர்கள், கத்தி கழுத்தில் இருக்கிறது', இங்கே. 'எழுந்திருங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்', அங்கே. 'இவர் எப்போது போவார்' என்பவை மட்டும் இழுப்பறை கொள்ளாமல் மூட்டையில் இருக்கின்றன."

பிறகு 'சம்மதம்' என்று ஒட்டியிருந்த இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பாச்சை உருண்டை மட்டும் கிடந்தது.

"ஒண்ணுகூட இல்லையாங்க?"

"ஒன்றுகூட இல்லை."

சலூன்காரர் அந்தக் காலி இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ தன் வீட்டுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டு, எதுவுமே இருந்ததில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

ஆணையத்துக்கும் இது தலைபோகிற விஷயம்தான். 'சரி: மனமார்ந்த சம்மதம்' என்று கருங்கல்லில் ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது. கல்தச்சர் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், முடிவை முதலில் செதுக்கிவிட்டு ஆராய்ச்சியைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று அட்டைகளை உயர்த்தியிருந்தார்கள். இப்போது அந்தக் கல்லுக்கு ஒரே ஒரு சான்றாவது வேண்டும்.

"இன்னொரு டீ சாப்பிடுகிறீர்களா?" என்று பொருள் அதிகாரி நயமாகக் கேட்டார்.

"சரிங்க."

"மனதாரச் சொன்னீர்களா?"

சலூன்காரர் நெளிந்தார். "முதல் டீயே ஆறிப்போயிருந்துச்சுங்க. நீங்க கேட்டீங்களேன்னு சொன்னேன்."

அது மூட்டைக்குப் போயிற்று.

அன்று மாலை வீட்டில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர் முழங்கைக் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் எதுக்குமே சம்மதிச்சதில்லையாம்" என்றார்.

"இதைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு ஆபீஸா? என்னைக் கேட்டிருந்தா உட்கார்ந்த இடத்துல சொல்லியிருப்பேனே."

"அப்ப நம்ம கல்யாணம்?"

மனைவி பட்டாணியை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "எங்கண்ணன் மூஞ்சி பூரா சோப்பு நுரையோட உங்க கடையில உட்கார்ந்து, என் தங்கச்சியைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டார். நீங்க, 'சரிங்க, அடுத்த ஆள் வாங்க'ன்னீங்க. அவர் பாதிச் சவரத்தோட வீட்டுக்கு ஓடி வந்து, மாப்பிள்ளை ஒத்துக்கிட்டார்னு சொல்லிட்டார். அப்புறம் நான் உங்களைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன், அது வேற கதை."

அவரும் சிரித்தார். ஆனால் உள்ளே உறுத்தியது. கதவோரத்தில் மகளின் பை பாதி அடுக்கியபடி இருந்தது. அவள் உள்ளேயும் வெளியேயும் போனாள், அந்தப் பையைத் தொடவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கேட்காமல் போகிற பெண் இல்லை அவள். அதுதான் பயம். தான் வாய் திறக்காவிட்டால் இவள் இங்கேயே இருந்துவிடுவாள், அந்தப் பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல், கேட்டதற்கெல்லாம் 'சரிப்பா' என்று சொல்லிக்கொண்டு. இதை நினைத்ததும் சலூன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெள்ளிக்கிழமை ஆணையத்தின் பெரிய கூடத்தில் பேரவை கூடியது. மேடையில் துணி மூடிய கருங்கல். அதற்குப் பக்கத்தில் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் சலூன்காரர். கழுத்துப் பட்டைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆணையர் எழுந்தார்.

"இந்த ஆணையத்தில் நான் பொறுப்பேற்ற நாள் முதல், நான் சொன்ன எதற்கும் ஒருவர்கூட மறுப்புச் சொன்னதில்லை. முற்றத்துக் கிணற்றை மூடச் சொன்னேன், மூடினீர்கள். தண்ணீர் இல்லை என்று திறக்கச் சொன்னேன், திறந்தீர்கள். இரண்டு முறையும் ஒரே உற்சாகம்! சம்மதத்தை என்னளவுக்குக் கண்ணால் கண்டவர் உலகில் இல்லை. எனவே அது உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரே ஒரு சான்றுதான் பாக்கி."

பச்சை அட்டைகள் உயர்ந்தன.

ஆணையர் சலூன்காரர் பக்கம் திரும்பினார். "உலகிலேயே சிறந்த ஆணையம் இதுதான் என்பதில் தங்களுக்குச் சம்மதமா?"

"சரிங்க."

"மனதாரவா?"

"வேற ஆணையம் நான் பார்த்ததில்லைங்களே."

பொருள் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சமயத்தில் கதவு திறந்து சலூன்காரரின் மகள் வந்தாள். பின்னாலேயே காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். "இங்க சர்டிபிகேட் தர்றதில்லைன்னு சொன்னேங்க, கேக்காம வந்துட்டாங்க!"

அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. நேராக மேடைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, மணி ஆகுது. கம்பெனிக்கு என்ன சொல்லட்டும்?"

பதிவுக் கருவி சுழன்றுகொண்டிருந்தது. சலூன்காரர் மைக்கை மறந்தார், அதிகாரிகளை மறந்தார்.

"என்ஜின் ரூம் ரொம்பச் சூடா இருக்குமாமே?" என்று கேட்டார்.

மகள் அசந்துபோனாள். அவர் அவளை ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

"இருக்கும்ப்பா. பழகிடுவேன்."

"கூட யார் இருப்பாங்க?"

"இருபது பேர். என்னை மாதிரி இன்னும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

"புயல் வந்தா?"

"கப்பல் ஆடும். நான் எதையாவது பிடிச்சுக்கிட்டு வேலை பார்ப்பேன்."

"உடம்பு முடியாம போனா யார் பார்ப்பா? போன் பேச முடியுமா? உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா, இல்ல இந்தக் கடையை விட்டுத் தப்பிச்சா போதும்னு போறியா?"

"பிடிச்சிருக்குப்பா. அந்த மெஷினைத் திறந்து பார்த்த அன்னையிலேருந்து இதுதான் பிடிச்சிருக்கு. உங்க மெஷினைத்தான்."

சலூன்காரர் கையைப் பிசைந்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தான்ப்பா."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பயமே இல்லை என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தார். பயந்துகொண்டே போகத் துணிந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகளில் மெஷின் எண்ணெயின் கறுப்பு ஒட்டியிருந்தது.

"சரி" என்றார்.

தொண்டை அடைத்து, பாதி வெளியே வந்து பாதி உள்ளேயே நின்ற வார்த்தை. அவளுக்கு முழுசாகக் கேட்டது. "அப்பா!" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காவலாளி தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு எழுத்தர் தன்னை மறந்து தலையாட்டப் போய்க் கழுத்துப் பட்டை நறுக்கென்று உடைந்தது.

ஆணையம் அங்கேயே கூடிக் கலந்தாலோசித்தது. பொருள் அதிகாரி எழுந்து தீர்ப்பை வாசித்தார். "குரல் கம்மியிருக்கிறது. கண்ணீர் கலந்திருப்பதால் சொல் தூய்மையாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி இச்சொல்லைச் சொல்வதற்கு முன் பல கேள்விகள் கேட்டிருக்கிறார், அச்சம் தெரிவித்திருக்கிறார். சம்மதிப்பவர் கேள்வி கேட்பாரா? நம் ஆணையத்தில் எவராவது கேட்டதுண்டா? எனவே இது சம்மதம் ஆகாது. நிராகரிக்கப்படுகிறது."

பச்சை அட்டைகள் ஒரே உற்சாகத்தோடு உயர்ந்தன. பிறப்பு அதிகாரி அம்மாள்கூட முதன்முதலாகப் பொருள் அதிகாரியோடு ஒத்துப்போனார். சொன்னவர் வழுக்கவில்லை என்பது அவருடைய காரணம்.

அப்பாவும் மகளும் இதைக் கேட்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்ய அவர்கள் எப்போதோ வெளியே போயிருந்தார்கள்.

கப்பல் கிளம்பி ஒரு மாதம் ஆன பிறகு ஆணையர் சலூனுக்கு வந்தார். பெஞ்சில் நாலைந்து பேர் பத்திரிகை படித்தபடி காத்திருந்தார்கள். சலூன்காரர் துணியை உதறினார்.

"இந்தப் பட்டையைக் கழற்றினாத்தாங்க பிடரியில வெட்ட முடியும்."

ஆணையர் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"கருங்கல் இன்னும் துணிக்குள்ளேயே இருக்கிறது. சான்று கிடைத்தபாடில்லை. எனவே ஆணையம் ஒரு முடிவெடுத்துள்ளது. தங்கள் மகள் திரும்பியதும், அன்று கேட்டதையே மறுபடி கேட்க வேண்டும். தாங்கள் தொண்டையை... நேராக்கிக்கொண்டு, கேள்வி ஏதும் கேட்காமல், கண்ணீரில்லாமல், அச்சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வருவீர்கள் அல்லவா?"

சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். சுவரில் மகள் ஒட்டிவிட்டுப் போன கடல் வரைபடம் இருந்தது. நேற்றுப் போனில் அவள் சொன்ன இடத்தில் அவர் ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தார். அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"முடியாதுங்க" என்றார்.

பெஞ்சில் இருந்த பத்திரிகைகள் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. உலகம் தட்டை என்று நிரூபிக்க வந்திருந்த கிழவர் வாயைப் பிளந்தார். வாசலில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"என்ன சொன்னீர்கள்?"

"முடியாதுங்க ஐயா. அது ஒரு தடவை சொல்றதுங்க. சொல்லியாச்சு, அவளும் போயாச்சு." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு மெஷினைக் கையில் எடுத்தார். மகள் புதுசாக எண்ணெய் விட்டுப் போன மெஷின், சத்தமே போடாமல் ஓடியது. இரண்டு விரலை ஆணையரின் உச்சந்தலையில் வைத்தார். "பிடரியில வெட்டப் போறேன். தலையை நல்லாக் குனிங்க."

ஆணையர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் லேசாக அழுத்தின.

"சரி" என்று ஆணையர் தலையைக் குனிந்துகொண்டார்.